கண்டி ஏஜெண்ட் முதல் கொழும்பு ஹைகமிஷனர் வரை

இந்தியா இலங்கைக்கு அனுப்பிய தூதர்களின் வரிசையை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1947இல் வி. வி. கிரியிடமிருந்து தொடங்குகிறார்கள். சுதந்திர நாட்டின் முதல் ஹைகமிஷனர் அவர் என்பதால் சட்டப்படி இது சரி. ஆனால் இப்படித் தொடங்குவதில் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. அந்தப் பதவி எதற்காக ஏற்பட்டதோ அந்தக் காரணம் 1947க்கு முந்தியது. அது ராஜ்யங்களுக்கு இடையேயான உறவிலிருந்து வந்ததல்ல. தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தது. இந்தியாவின் முதல் பிரதிநிதி கொழும்பில் இருக்கவில்லை. கண்டியில் இருந்தார். அவருடைய பதவியின் பெயர் ஏஜெண்ட்.

ஏஜெண்ட் ஹைகமிஷனராக உயர்ந்த கதையும், அவர் யாருக்காக அனுப்பப்பட்டாரோ அவர்கள் குடியுரிமையும் வாக்கும் இழந்து எண்ணிக்கையாக மாறிய கதையும் ஒரே காலத்தில் நடந்தவை. இரண்டையும் தனித்தனியாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது.

பெயர்களைப் பற்றி முதலில் ஒன்று. காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்புகிறவரைத் தூதர் என்று சொல்வதில்லை. ஹைகமிஷனர் என்பதுதான் வழக்கு. ஒரே முடிக்கு உட்பட்ட நாடுகளுக்கிடையில் ஓர் அரசர் தமக்குத் தாமே தூது அனுப்பிக்கொள்ள முடியாது என்ற தர்க்கத்தில் பிறந்த பதவி அது. 1950இல் இந்தியாவும் 1972இல் இலங்கையும் குடியரசாகிவிட்ட பிறகும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. இலங்கைத் தமிழர்கள் உயர்ஸ்தானிகர் என்று எழுதுகிறார்கள். நம் பத்திரிகைகள் ஹைகமிஷனர் என்றும் தூதர் என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. ஏஜெண்ட் என்ற பழைய பெயரை யாருமே நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

தூது தமிழுக்குப் புதிய விஷயம் இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை போனது சங்கப் பாட்டில் இருக்கிறது. வள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். சொல்லியதைச் சொல்கிறவன், இடமறிந்து தானே வகுத்துச் சொல்கிறவன் என்று பரிமேலழகர் தூதரை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கிறார். பின்னால் சிற்றிலக்கியக்காரர்கள் கிளியையும் மேகத்தையும் நெஞ்சையும், கடைசியில் தமிழையே கூடத் தூதாக அனுப்பினார்கள். இவை எல்லாவற்றிலும் மூன்று பேர்தான் உண்டு: அனுப்புகிறவர், போகிறவர், கேட்கிறவர். கண்டிக்குப் போன தூதில் நாலாவதாக ஒரு ஆள் இருக்கிறார். அனுப்பியவர் டில்லியில் அல்லது சிம்லாவில்; கேட்பவர் கொழும்பில்; பேச்சு முழுவதும் இந்த நாலாவது ஆளைப் பற்றி. அவர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். நம் தூது இலக்கணத்தில் அவருக்கு இடம் இல்லை. இரண்டு அரசாங்கங்களின் நடைமுறையிலும் இடம் கிடைக்கவில்லை.

2

இந்தியா இலங்கைக்கு ஆள் அனுப்புவதற்கு முன்பே இலங்கைத் தோட்ட முதலாளிகள் இந்தியாவுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். 1904இல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் என்ற ஆபீசை நிறுவியவர்கள் அவர்கள்தான். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணிகளுக்கு மேற்பார்வை அங்கிருந்து நடந்தது. தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் இருந்த முகாம்கள் இந்திய மண்ணில் இலங்கை அதிகாரத்தில் நடந்தவை. தொழிலாளியை நோய்க்காகப் பரிசோதித்து, தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கையில் கொடுத்துக் கப்பலேற்றினார்கள். பாஸ்போர்ட் என்ற சொல் அவனுக்கு எட்டுவதற்கு முன்னால் அவனிடம் இருந்த பிரயாணப் பத்திரம் அந்தத் தகரம்தான். ஆக, இரு நாட்டு உறவின் முதல் நிரந்தர ஸ்தாபனம் ஓர் ஆள்சேர்ப்பு ஆபீஸ்.

1922இல் இந்திய அரசு குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தேர்ச்சியற்ற தொழிலாளர்கள் எந்த நாட்டுக்குப் போகலாம், எந்த நிபந்தனையில் போகலாம் என்பதை இனி இந்திய அரசு தீர்மானிக்கும். போன இடத்தில் அவர்கள் நிலையைக் கவனிக்க ஓர் ஏஜெண்டை வைக்கும். அதன்படி 1923இல் கண்டியில் ஏஜெண்டின் அலுவலகம் ஏற்பட்டது. கவர்னரும் அவருடைய காரியதரிசிகளும் கொழும்பில் இருக்க, இவர் கண்டியில் உட்கார வைக்கப்பட்டது அர்த்தமுள்ள காரியம். தோட்டங்கள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. தோட்டங்களுக்குப் போய்ப் பார்ப்பது, புகார் கேட்பது, ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவது அவர் வேலை.

ஏஜெண்டைப் பெரிய தர்மகர்த்தாவாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவரை அனுப்பியது ஏகாதிபத்திய அரசு. அவர் பேசியது அதே ஏகாதிபத்தியத்தின் இன்னொரு கிளையுடன். தொழிலாளர் வரத்து கலகம் இல்லாமல் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்குமேல் பெரிய நோக்கம் இரண்டு பக்கத்திலும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு பயன் இருந்தது. இந்தியா ஆட்களை நிறுத்திவிடலாம் என்ற பயம் தோட்டக்காரர்களுக்கு இருந்தது; அந்தப் பயத்தில்தான் ஏஜெண்டின் பலம். 1927இல் இந்தியத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபோது உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அற்பத் தொகைதான். ஆனால் தொகை சட்டத்தில் எழுதப்பட்டதால் குறைத்துக் கொடுப்பவனைக் கேள்வி கேட்க முடிந்தது. பொருளாதார மந்தம் வந்ததும் அந்தக் கூலியையும் சட்டப்படியே குறைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

மந்த காலத்தில் கண்டியில் ஏஜெண்டாக இருந்தவர் கே. பி. எஸ். மேனன். பின்னால் சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலர், மாஸ்கோவில் ஒன்பது வருஷத் தூதர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் சீனாவையும் சோவியத் யூனியனையும் விரிவாகச் சொல்வார்கள். கண்டி ஒரு வரியில் முடிந்துவிடும். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்குச் சர்வஜன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. அந்தச் சர்வஜனத்தில் தோட்டத் தொழிலாளி சேர்த்தியா என்ற சர்ச்சை அப்போதே எழுந்தது. நிரந்தர வாசத்தை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போதே வந்துவிட்டது. 1948இல் நடந்தது திடீரென்று நடந்ததல்ல.

ஏஜெண்டோடு சேர்த்து நினைக்க வேண்டிய இன்னொருவர் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன கோ. நடேசய்யர். பத்திரிகைக்காரர். 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கண்டவர். தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத நாளில் ஜவுளி வியாபாரி வேஷத்தில் உள்ளே போனார் என்று மலையகத்தில் இன்றும் சொல்கிறார்கள். ஏஜெண்ட் முன்வாசல் வழியாகத் துரையின் பங்களாவுக்குப் போய் அங்கிருந்து லயத்துக்குப் போகலாம். நடேசய்யர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே லயத்துக்குப் போக வேண்டும். ஏஜெண்டின் அறிக்கை இங்கிலீஷில் டில்லிக்குப் போயிற்று. நடேசய்யரின் எழுத்து தமிழில் தொழிலாளியிடமே திரும்பிப் போயிற்று. இரண்டு பேரும் ஒரே ஜனங்களைப் பற்றித்தான் எழுதினார்கள். யாரை வாசகராக வைத்து எழுதினார்கள் என்பதில்தான் வேறுபாடு. எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

1935இல் புதுமைப்பித்தன் மணிக்கொடியில் துன்பக்கேணியை எழுதினார். திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற ஒரு பெண்ணை அந்தக் கதை தொடர்ந்து போகிறது. தோட்டத்துக் கூலியைப் பற்றியும் நோயைப் பற்றியும் ஓர் அறிக்கை பதிவுசெய்யலாம். அவள் உடல் அங்கே எப்படிக் கையாளப்பட்டது, திரும்பி வந்தபின் ஊர் அவளை எப்படிப் பார்த்தது என்பதற்கு அறிக்கையில் பத்தி கிடையாது. அந்த இடத்தைத்தான் கதை எடுத்துக்கொண்டது. நாலாவது ஆளைத் தூதின் விஷயமாக இல்லாமல் மனுஷியாகப் பார்த்த தமிழ் எழுத்து அது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் இந்த விஷயத்தை அந்த அளவு தீவிரத்தோடு தொட்டவர்கள் அதிகம் இல்லை.

3

1939 இந்த வரிசையில் ஒரு திருப்பம். இலங்கை அரசுப் பணிகளில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை வெளியேற்றத் தொடங்கியபோது, ஜூலை மாதத்தில் நேரு கொழும்புக்குப் போனார். அவரை அனுப்பியது இந்திய அரசு அல்ல, காங்கிரஸ். அவர் போன காரியம் பலிக்கவில்லை. அவர் அங்கிருந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் என்ற அமைப்பு உருவானதுதான் மிச்சம். அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் தேர்ச்சியற்ற தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடை செய்தது. ஏஜெண்டிடம் இருந்த ஒரே ஆயுதம் இந்தத் தடையைப் பற்றிய பயம். அதைப் பிரயோகித்தாயிற்று. பிரயோகித்தபின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கே இருந்தவர்கள் இனி அங்கேயே இருப்பவர்கள். வந்து போகிறவர்கள் அல்ல. அப்படியானால் அவர்கள் யார் என்ற கேள்வி இனித் தப்ப முடியாதது.

1943இல் வந்தவருக்கு ஏஜெண்ட் என்ற பெயர் இல்லை. இந்திய அரசின் பிரதிநிதி. அவர் எம். எஸ். ஆனே. காந்தியின் உண்ணாவிரதத்தின்போது வைஸ்ராய் சபையிலிருந்து ராஜினாமா செய்தவர். திலகரின் சரித்திரத்தை ஸம்ஸ்கிருதத்தில் காவியமாக எழுதியவர்; அந்த நூலுக்கு அவர் காலமான பிறகு 1973இல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. நம்மைப்போல எழுதுகிற ஜாதி என்று சொல்லிக்கொள்ளலாம். 1947 வரை இருந்தார். பிறகு கிரி. தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர், தெலுங்கர். 1951இல் கே. பி. கேசவ மேனன், மாத்ருபூமியின் முதல் ஆசிரியர், வைக்கம் சத்தியாக்கிரகத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். மராத்தி, தெலுங்கு, மலையாளம் என்று பெரிய மனிதர்களாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். தோல்விக்குக் காரணம் ஆட்களின் தரம் என்று சொல்ல முடியாது.

காரணம் பதவியிலேயே இருந்தது. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் இலங்கைக் குடியுரிமையைத் தகப்பன், பாட்டன் பிறப்பிடத்தோடு இணைத்தது. லயத்தில் பிறந்தவனிடம் தகப்பனுடைய பிறப்புப் பத்திரத்தைக் கேட்டால் எங்கே போவான்? 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கென்று தனியாக ஒரு வாசலைத் திறந்தது. கல்யாணமானவர் ஏழு வருஷமும் ஆகாதவர் பத்து வருஷமும் தொடர்ந்து அங்கே வாசம் செய்ததை நிரூபிக்க வேண்டும். அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை இல்லாதவரின் வாக்கைப் பறித்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைமை இதில் பிளந்தது; செல்வநாயகம் வெளியேறித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

இந்த இடத்தில் ஹைகமிஷனர் என்ன செய்திருக்க முடியும்? அவர் அந்த ஜனங்களுக்காக உரக்கப் பேசினால், பார், இந்தியத் தூதர் பேசுகிறார், ஆகவே இவர்கள் இந்தியர்கள் என்று கொழும்பு சொல்லும். பேசாமல் இருந்தால் அவர்களுக்காகப் பேச அங்கே வேறு அரசாங்கம் இல்லை. அவர்கள் இலங்கையின் மக்கள், இலங்கைதான் குடியுரிமை தர வேண்டும் என்பது நேருவின் நிலை. நியாயமான நிலைதான். ஆனால் அந்த நியாயத்தை ஒப்புக்கொண்ட கணத்திலேயே இந்தியத் தூதர் அவர்களுடைய தூதராக இருப்பது நின்றுபோயிற்று. ஏஜெண்டுக்கு இந்தச் சங்கடம் இருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே முடியின் பிரஜைகள் என்பதால் அவன் எந்த நாட்டான் என்று யாரும் கேட்காமலே கூலியைப் பற்றிப் பேச முடிந்தது. இரண்டு நாடுகளும் சுதந்திரம் அடைந்ததில் நாலாவது ஆளுக்கு இருந்த ஒரே ஆதரவு, அது எவ்வளவு பலவீனமாக இருந்தபோதிலும், இல்லாமல் போயிற்று. இதைச் சுதந்திரத்துக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுதந்திரத்தின் கணக்கில் இந்தச் செலவும் எழுதப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இந்திய அரசியல் சட்டத்தின் 8ஆவது பிரிவு வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினரை அங்குள்ள இந்தியத் தூதரே பிரஜையாகப் பதிவு செய்ய வழி வைத்திருக்கிறது. 1950க்குப் பிறகு ஹைகமிஷனர் அலுவலகம் தொழிலாளிக்குத் தெரிந்தது இந்த வாசல் வழியாகத்தான். புகார் சொல்லப் போன இடம் விண்ணப்பம் கொடுக்கப் போகும் இடமாயிற்று. எதிர்ப்பக்கத்தில் இலங்கைக் குடியுரிமை கேட்டு 1951 ஆகஸ்டுக்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அவற்றுள் அடங்கினார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் பரிசீலித்துக் கொடுத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் செய்தது. வைக்கத்துக்காரர் ஹைகமிஷனராக இருந்த காலத்தை ஒட்டி நடந்த சத்தியாக்கிரகம். சரித்திரம் இம்மாதிரி ஒற்றுமைகளை அர்த்தமில்லாமல் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது.

1954இல் நேருவும் கொத்தலாவலையும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன் அர்த்தத்தைப் பற்றியே இரண்டு பக்கமும் சண்டை போட்டன. பத்து வருஷம் கழித்து, 1964 அக்டோபர் 30ஆம் தேதி, சிரிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு. காரியத்தை முடிக்கப் பதினைந்து வருஷம். அந்த மீதியை 1974 ஜனவரியில் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவின் ஜனாதிபதியாக அப்போது இருந்தவர் வி. வி. கிரி.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது அவை எல்லாம் ஆயிரங்களில் முழுமையாக இருப்பதுதான். மனிதர்களை எண்ணினால் எண்ணிக்கை இப்படி முழுசாக வராது. பேரம் பேசினால் வரும். பேரத்தில் தோட்டத் தொழிலாளர் தரப்பைக் கேட்கவில்லை என்று தொண்டமானின் சங்கம் கண்டித்தது. கேட்டிருந்தாலும் கேள்வி பெரிதாக மாறியிருக்காது. எந்த நாட்டுக்குப் போக விருப்பம் என்றுதான் கேட்டிருப்பார்கள். இருக்கிற இடத்தில் இருக்க விருப்பமா என்ற கேள்வி ஒப்பந்தத்தின் பாஷையில் இல்லை.

4

அதன் பிறகு கண்டி மறுபடியும் முக்கியமாயிற்று. 1923இல் ஏஜெண்ட் உட்கார்ந்த அதே ஊரில் உதவி ஹைகமிஷனர் அலுவலகம் இந்தியப் பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்தது. ஏஜெண்ட் வந்தது இங்கிருந்து போனவர்களின் நிலையைப் பார்க்க. இப்போது அதிகாரியின் வேலை அவர்களை அங்கிருந்து அனுப்பிவைக்க. மலையகத்து ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு அந்த ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். தாத்தன் தகரத் துண்டோடு புறப்பட்ட முகாமுக்குப் பேரன் பாஸ்போர்ட்டோடு வந்து சேர்ந்தான். 1984இல் கப்பல் நின்றது. தமிழக அரசின் கணக்குப்படி இந்த ஒப்பந்தங்களின்கீழ் வந்தவர்கள் சுமார் 1,16,000 குடும்பங்கள், சுமார் 4,61,000 பேர்.

அந்தக் கண்டி அலுவலகத்தில் இருந்த ஒருவர் கதை எழுதினார் என்பதைச் சொல்ல வேண்டும். கோபால்கிருஷ்ண காந்தி தமிழ்நாட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து கண்டிக்குப் போனவர். 1985இல் தோட்டத் தமிழர்களைப் பற்றி 'சரணம்' என்ற நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கோப்புகளில் கையெழுத்துப் போட்டவர், கோப்பில் அடங்காதது ஒன்று மிஞ்சுகிறது என்று உணர்ந்ததற்கு அது அத்தாட்சி. 2000இல் அவரே கொழும்புக்கு ஹைகமிஷனராகப் போனார். அவருக்கு முன்னால் அங்கே இருந்தவர் சிவசங்கர் மேனன். பழைய கண்டி ஏஜெண்ட் கே. பி. எஸ். மேனனின் பேரன். தூதர் குடும்பத்தில் பாட்டன் பெயர், பதவி, ஆண்டு எல்லாம் பதிவாகியிருக்கிறது. அதே காலத்தில் தோட்டத்தில் இருந்தவனிடம் பாட்டன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டுத்தான் நாட்டை இல்லாமல் செய்தார்கள்.

நடுவில் ஜே. என். தீக்ஷித்தின் காலம், 1985 முதல் 1989 வரை. இந்தியத் தூதருக்குக் கொழும்பில் அவ்வளவு அதிகாரம் அதற்கு முன்பும் பின்பும் இருந்ததில்லை. வைஸ்ராய் என்றே அவரைப் பத்திரிகைகள் எழுதின. 1987 ஜூலை 29ஆம் தேதி ஒப்பந்தத்தைப் பற்றியும் அமைதிப்படையைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. வடகிழக்குத் தமிழர் பிரச்னை என்று ஒன்று வந்தபோது மலைத் தமிழர் பிரச்னை தமிழ்நாட்டின் பிரக்ஞையிலிருந்து முற்றிலும் நகர்ந்துவிட்டது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். அங்கே அது ஓசைப்படாமல் வேறு வழியில் தீர்ந்துகொண்டிருந்தது. 1986இலும் 1988இலும் இலங்கை சட்டங்கள் இயற்றியது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு அங்கே இருந்த நாடற்றவர்கள் குடியுரிமை பெற்றார்கள். ஐம்பத்தைந்து வருஷம் ஆயிற்று. இதற்குக் காரணம் தொழிற்சங்கமும், சிங்களக் கட்சிகளுக்கு மலையக வாக்கு தேவைப்பட்டதும். தூதர்களின் பங்கு மிகக் குறைவு.

5

இதைப் பழனி மலையில் ஆடலூரில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் எண்கள் வந்து இறங்கிய இடங்களில் இந்த மலையும் ஒன்று. நீலகிரியில் அவர்களுக்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. தேயிலை தெரிந்தவனுக்குத் தேயிலை என்ற அளவில் அது ஒரு யோசனை. அது எல்லோருக்கும் போதவில்லை. சமவெளியில் கடை வைக்கக் கடன் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் கடையையும் கடன் பணத்தையும் இழந்து, குளிர் தெரிந்த உடம்போடு மலையைத் தேடிக் கொடைக்கானல் பக்கம் ஏறினார்கள். 1980களில் கொடைக்கானல் மலையில் மரப்பட்டை உரிக்கும் கூப்புகளில் அவர்களில் பலர் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட கொத்தடிமைகளாக இருந்தது வெளியே தெரிந்தது. கங்காணி முன்பணத்தை ஒழிக்கத்தான் 1920களில் அத்தனை சட்டமும் ஏஜெண்டும். அறுபது வருஷம் கழித்து அதே முன்பணம், அந்தத் தொழிலாளியின் பேரனை, அவனுடைய தாயகம் என்று சொல்லப்பட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது. இங்கே வந்து பார்த்து அறிக்கை எழுத யாரும் அனுப்பப்படவில்லை. சொந்த நாட்டுக்கு ஏது தூதர்?

தாயகம் திரும்பியோர் என்ற சர்க்கார் சொல்லைப் பற்றி நம்மைப்போன்றவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. திரும்புவதற்கு முதலில் புறப்பட்டிருக்க வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்தவர்கள். அங்கே அவர்களைக் கள்ளத்தோணி என்றும் தோட்டக்காட்டான் என்றும் வைதார்கள். இங்கே சிலோன்காரன் என்றார்கள். இரண்டு கரையிலும் எதிர்க்கரையின் பெயரே கிடைத்தது. வங்கி வேலையில் இருப்பவனுக்குப் படிவங்களோடு பழக்கம் அதிகம். அவர்களுக்கும் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குமாக 1969இல் ரெப்கோ வங்கி என்று ஒரு கூட்டுறவு வங்கியே ஏற்படுத்தப்பட்டது. பிறந்த இடம், நிரந்தர முகவரி என்ற இரண்டு கட்டங்கள் எந்தப் படிவத்திலும் உண்டு. நம்மில் அநேகருக்கு அவை யோசிக்காமல் நிரப்புகிற கட்டங்கள். அவர்களுடைய முழுச் சரித்திரமும் அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது.

இனி நம் விஷயம். இலங்கை இலக்கியம் என்று தமிழ்நாட்டுச் சிறுபத்திரிகை வட்டம் பேசியபோதெல்லாம் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தோடு நின்றுகொண்டது. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். ராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களை மலையக இலக்கியம் என்ற தலைப்பில் தனியே கட்டி வைத்துவிட்டோம். தெளிவத்தை ஜோசப்புக்கு 2013இல் விஷ்ணுபுரம் விருது கொடுக்கப்பட்டபோது அவரைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் இங்கே பேசினார்கள். அவர் அரை நூற்றாண்டாக எழுதிக்கொண்டிருந்தவர். இரண்டு அரசாங்கங்கள் செய்த பாகப்பிரிவினையை விமர்சகர்களும் தங்கள் அளவில் செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நாலாவது ஆள் தாமே எழுத ஆரம்பித்த பிறகும் அவரைப் பற்றி மூன்றாம் மனிதர்கள் எழுதியதையே படித்தோம்.

இப்போது தூதர்கள் மறுபடியும் லயத்துப் பக்கம் போகிறார்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மலையகத்து நோர்வூட்டில் பேசினார். முன்பு ஒப்புக்கொண்ட நாலாயிரம் வீடுகளோடு மேலும் பத்தாயிரம் வீடுகள் அறிவிக்கப்பட்டன. லயத்தை இடித்து வீடு கட்டுவது நல்ல காரியம், சந்தேகமில்லை. 2023இல் அவர்கள் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். முன்னோர் காப்பித் தோட்டத்துக்குக் காட்டு வழியில் செத்துச் செத்து நடந்த அதே பாதை. இம்முறை அவர்களை யாரும் அனுப்பவில்லை. யாரிடமும் அவர்கள் தூது போகவில்லை. தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்டு நடந்தார்கள்.

செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கி. கண்டி ஏஜெண்டுகள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள் ஆங்கிலத்தில் அச்சாகி ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. நடேசய்யரின் தமிழ் எழுத்துகள் வேறு இடத்தில் இருக்கின்றன. இந்த மலைகளில் கப்பலேறி வந்தவர்களில் வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தமிழில் ஒருவர் எழுத வேண்டும். அப்போதுதான் தூதர்களின் வரிசை 1923இலிருந்து தொடங்கும்; அந்த வரிசை எவரைப் பற்றியதோ அவர்களும் அதில் இருப்பார்கள். முதல் இரண்டும் நூலகத்தில் காத்திருக்கும். மூன்றாவது காத்திருக்காது.